வகுபடும், வகுக்கும், மடங்கு: டெஸ்டில் மார்க் போகும் இடங்கள்

திருத்தி வந்த விடைத்தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வகுபடும் தன்மை, மடங்கு, காரணி, மீதி என்று வரும் கணக்குகளில் சிவப்பு மை விழுந்தவற்றை மட்டும் பாருங்கள். கூட்டல் பெருக்கல் பிழை அவற்றில் அபூர்வமாகத்தான் இருக்கும். போட்ட கணக்கு சரியாகவே இருக்கும், ஆனால் அது கேட்காத கேள்விக்கான கணக்காக இருக்கும். இந்தப் பகுதியில் தப்பு பெரும்பாலும் பேனா ஓடுவதற்கு முன்பே, கேள்வியைப் படிக்கும்போதே நடந்துவிடுகிறது என்பது என் கட்சி.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தாளில் எது தெரிகிறதோ நேராக அங்கே போகலாம். முதலாவதை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். எண்களுக்குப் பதில் எழுத்து தேவைப்படும் இடத்தில் அ, ஆ, க என்று வைத்துக்கொள்கிறேன்.

அறிகுறி: விடை தலைகீழாக வருகிறது

"12 ஆனது அ-வின் மடங்கு. அ ஒரு மிகை முழு எண் எனில், அதற்கு எத்தனை மதிப்புகள் உண்டு?"

12, 24, 36 என்று எழுத ஆரம்பித்து, "எண்ணற்றவை" என்று முடித்திருந்தால் உங்களுக்கு இந்த நோய்தான். சரியான விடை 6. அ-வாக இருக்கக்கூடியவை 1, 2, 3, 4, 6, 12. 'மடங்கு' என்ற சொல்லையும் 12 என்ற எண்ணையும் பார்த்த கண், நடுவில் இருந்த உருபைப் பார்க்கவில்லை.

உண்மையில் தமிழில் இந்தக் கணக்குகளைப் படிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. எது எதை வகுக்கிறது என்று வேற்றுமை உருபே சொல்லிவிடும்.

36 ஆனது 9-ஆல் வகுபடும்.
9 ஆனது 36-ஐ வகுக்கும்.
36 ஆனது 9-இன் மடங்கு.
9 ஆனது 36-இன் காரணி.

நான்கும் ஒரே செய்திதான். 'ஆல்' எந்த எண்ணோடு ஒட்டுகிறதோ அது வகுக்கிற எண். 'ஐ' ஒட்டினால் அது வகுபடுகிற எண். இந்த இரண்டும் நம்மை ஏமாற்றாது. ஏமாற்றுவது 'இன்'. அது இரண்டு பக்கமும் போய் ஒட்டிக்கொள்ளும்: மடங்குக்கு முன்னால் நின்றால் வகுக்கிற எண்ணோடு இருக்கும், காரணிக்கு முன்னால் நின்றால் வகுபடுகிற எண்ணோடு இருக்கும். 'வகுபடும்', 'வகுக்கும்' குழப்பமோ வெறும் செயப்பாட்டுவினை, செய்வினைக் குழப்பம். இலக்கண வகுப்பில் தூங்கியதற்கு கணக்கு டெஸ்டில் அபராதம் கட்டுகிறோம்.

சரிசெய்யும் வழி: வாக்கியத்தைப் படித்த கையோடு அதை ஒரு சமன்பாடாக எழுதிவிடுங்கள். வகுபடுகிற எண் = வகுக்கிற எண் × ஒரு முழு எண். மேலே உள்ள கேள்வி 12 = அ × க ஆகிவிடும். இப்படி எழுதிய பிறகு அ-வுக்கு 24 என்று போட யாருக்கும் கை வராது. அதே கேள்வி "அ ஆனது 12-இன் மடங்கு" என்று இருந்திருந்தால் அ = 12 × க, அப்போது மதிப்புகள் எண்ணற்றவைதான். ரஃப் தாளில் இந்த ஒரு வரி எழுத ஐந்து விநாடி ஆகும். அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் மார்க்கை விடுகிறோம்.

அறிகுறி: "இரண்டாலும் வகுபடுகிறது, அதனால் பெருக்கினேன்"

ஓர் எண் 4-ஆலும் வகுபடும், 6-ஆலும் வகுபடும். அப்படியானால் 24-ஆல் வகுபடுமா? வகுபடும் என்று எழுதியவர்கள் 12-ஐ எடுத்துப் பாருங்கள். 4-ஆல் போகும், 6-ஆல் போகும், 24-ஆல் போகாது. 36-உம் அப்படித்தான். 60-உம் அப்படித்தான்.

ஏன் என்று பார்க்க இரண்டையும் பகா எண்களாக உடைக்க வேண்டும். 4 = 2 × 2. 6 = 2 × 3. வாசலில் இரண்டு காவலர்கள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் "இரண்டு 2 காட்டு" என்கிறார். அடுத்த ஆள் "ஒரு 2, ஒரு 3 காட்டு" என்கிறார். முதல் ஆளிடம் காட்டிய 2-ஐயே இரண்டாம் ஆளிடமும் காட்டலாம், புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. ஆகக் கையில் இருக்க வேண்டியது இரண்டு 2, ஒரு 3. அதாவது 12. இதற்குப் பெயர்தான் மீச்சிறு பொது மடங்கு, சுருக்கமாக மீ.பொ.ம. பெருக்கும்போது பொதுவான 2-ஐ இரண்டு முறை கணக்கில் சேர்த்துவிடுகிறோம். 24 வந்தது அதனால்தான்.

பிறகு 6-க்கான விதி மட்டும் ஏன் "2-ஆலும் 3-ஆலும் வகுபட வேண்டும்" என்று பெருக்கல் கணக்காகவே வேலை செய்கிறது? 2-க்கும் 3-க்கும் 1-ஐத் தவிர பொதுக் காரணி கிடையாது. அவை சார்பகா எண்கள். அப்படிப்பட்ட ஜோடியை மட்டும் தாராளமாகப் பெருக்கலாம். 12-க்கு விதி வேண்டுமா, 3-உம் 4-உம் என்று பிரியுங்கள். 2-உம் 6-உம் என்று பிரித்தால் 18 உள்ளே நுழைந்துவிடும். 72-க்கு 8-உம் 9-உம். 6-உம் 12-உம் என்று பிரித்தால் 12-ஏ தேறிவிடும், கேலிக்கூத்து.

இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. "அ × ஆ என்ற பெருக்கற்பலன் 6-ஆல் வகுபடும், எனவே அ, ஆ இரண்டில் ஒன்றாவது 6-ஆல் வகுபடும்" என்று சரி போட்டிருப்பீர்கள். 4 × 9 = 36. 4-இல் 3 இல்லை, 9-இல் 2 இல்லை. தனித்தனியே யாரும் 6-ஆல் போகமாட்டார்கள், சேர்ந்தால் போவார்கள். 6-க்குப் பதில் 5 இருந்திருந்தால் வாக்கியம் சரி, ஏனென்றால் 5 பகா எண், அதைப் பாதி பாதியாகப் பங்குபோட முடியாது. கேள்வியில் உள்ள எண் பகா எண்ணா இல்லையா என்பதுதான் இங்கே முழு விஷயமும்.

அறிகுறி: ஆப்ஷன்களில் இரண்டு மூன்று சரியாகத் தெரிகின்றன

"அ ஆனது 6, 15 இரண்டின் மடங்கு. அ கட்டாயம் எதனால் வகுபடும்? 10, 45, 60, 90."

அ-வுக்கு 90 என்று வைத்துச் சோதித்தால் 10 சரி, 45 சரி, 90-உம் சரி. குழம்பிப்போய் எது பெரிதோ அதை டிக் செய்தால் போச்சு. 6, 15-இன் மீ.பொ.ம 30. அ = 30 என்று வைத்தால் 10 மட்டுமே மிஞ்சும்.

கேள்வியில் 'கட்டாயம்', 'எப்போதும்' என்று வந்தால், நிபந்தனைக்கு உட்படும் எண்களிலேயே சிறிய மிகை எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெரிய எண்ணிடம் வேண்டாத காரணிகள் நிறைய இருக்கும், அது எல்லோருக்கும் தலையாட்டும். சிறிய எண்ணிடம் கட்டாயமானதைத் தவிர வேறெதுவும் இருக்காது. மாறாக 'இருக்கலாம்', 'முடியும்' என்று வந்தால் பொருந்தும் ஓர் உதாரணம் கிடைத்தாலே போதும், அந்த ஆப்ஷன் சரி. இந்தக் கேள்வியில் 'கட்டாயம்' இருந்த இடத்தில் 'வகுபடலாம்' என்று மாற்றிப் போட்டால் நான்கு ஆப்ஷனும் சரி (அ = 180 போட்டுப் பாருங்கள்).

அறிகுறி: வர்க்கம் வந்தால் கை நடுங்குகிறது

"அ² ஆனது 54-ஆல் வகுபடும். அ எந்த மிகப்பெரிய எண்ணால் நிச்சயமாக வகுபடும்?" சிலர் 54 என்பார்கள். சிலர் 54-க்கு வர்க்கமூலம் எடுக்கப் போய் ஏழு புள்ளி சொச்சத்தில் சிக்கிக்கொள்வார்கள்.

கிட்டே போய்ப் பார்ப்போம். 54 = 2 × 3 × 3 × 3. ஒரு முழு எண்ணை வர்க்கப்படுத்தினால் அதிலுள்ள ஒவ்வொரு பகா எண்ணும் இரட்டிப்பாகும். எனவே அ²-க்குள் எந்தப் பகா எண்ணும் ஒற்றைப்படைத் தடவை இருக்க முடியாது. 54-இல் ஒரு 2 இருக்கிறது. அ²-இல் குறைந்தது இரண்டு இருந்தாக வேண்டும். மூன்று 3 இருக்கிறது. குறைந்தது நான்கு இருந்தாக வேண்டும். அப்படியானால் அ-வில் குறைந்தது ஒரு 2, இரண்டு 3. அதாவது 18. சரிபார்க்க: 18 × 18 = 324, 324 ÷ 54 = 6. சரி. அ 18-ஆகவே இருக்கலாம் என்பதால் 18-ஐ விடப் பெரியது எதையும் நிச்சயம் என்று சொல்ல முடியாது.

சுருக்கம் இவ்வளவுதான்: பகா எண்களாக உடை, ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் பாதியாக்கு, பாதி முழுசாக வராவிட்டால் மேலே ஏற்று. 3-இன் எண்ணிக்கை மூன்று, பாதி ஒன்றரை, மேலே ஏற்றினால் இரண்டு.

அறிகுறி: எண்ணிக்கையில் எப்போதும் ஒன்று குறைகிறது, அல்லது கூடுகிறது

"20 முதல் 80 வரை 4-இன் மடங்குகள் எத்தனை?" ஆப்ஷன்களில் 14, 15, 16 மூன்றும் இருக்கும். கேள்வி போடுகிறவருக்கு நம் கை எங்கே தடுமாறும் என்று தெரியும்.

80 ÷ 4 = 20. 20 ÷ 4 = 5. 20 − 5 = 15 என்று எழுதினால், 20 என்ற எண்ணையே வெளியே தள்ளிவிட்டோம். அது ஐந்தாவது மடங்கு. ஐந்தாவதிலிருந்து இருபதாவது வரை எண்ணினால் 16. "20-க்கும் 80-க்கும் இடையில்" என்று கேட்டு இரு முனைகளையும் விலக்கினால் 14. நானே ஒரு தேர்வில் 15 எழுதிவிட்டு, வெளியே வந்து விரலை மடக்கி எண்ணிப் பார்த்து நொந்துகொண்டவன்தான்.

முனைகள் மடங்காக இல்லாதபோது எனக்குப் பிடித்த வழி வேறு: மேல் எல்லை வரை உள்ளவை, அதில் வேண்டாதவற்றைக் கழி. 100 முதல் 500 வரை 7-இன் மடங்குகள் வேண்டும் என்றால், 500 வரை 71 (500-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 71, மீதியைத் தூக்கிப் போடுங்கள்). வேண்டாதவை 99 வரை உள்ளவை, அவை 14. விடை 57. கழிக்க வேண்டியது 99 வரை, 100 வரை அல்ல. இங்கே 100 ஏழின் மடங்கு இல்லை என்பதால் இரண்டும் ஒன்றுதான், ஆனால் கீழ் எல்லை 105 என்று இருந்தால் காலை வாரிவிடும்.

'அல்லது' வந்தால் இன்னொரு பொறி. 1 முதல் 100 வரை 3-இன் அல்லது 5-இன் மடங்குகள்: 33 + 20 = 53 இல்லை. 15-இன் மடங்குகள் ஆறும் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன, ஒரு முறை கழித்து 47. "இரண்டில் ஒன்றின் மடங்காக மட்டும்" என்றால் இரு முறை கழித்து 41.

அறிகுறி: இலக்கம் கண்டுபிடிக்கும் கணக்கில் ஒரு விடை தப்பிவிடுகிறது

முதலில், "கடைசி இலக்கம் 3, 6, 9 என்றால் 3-ஆல் வகுபடும்" என்று எங்காவது மனதில் பதிந்திருந்தால் அழித்துவிடுங்கள். 13, 26, 19 எதுவும் போகாது. கடைசி இலக்கத்தைப் பார்ப்பது 2, 5, 10-க்கு. கடைசி இரண்டு இலக்கம் 4-க்கு, ஏனென்றால் 100 நான்கால் வகுபடும், அதற்கு மேல் உள்ள பகுதியைப் பற்றிக் கவலையில்லை. 1000 எட்டால் வகுபடுவதால் 8-க்குக் கடைசி மூன்று. 3-க்கும் 9-க்கும் இலக்கங்களின் கூடுதல், ஏனென்றால் 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. காரணம் தெரிந்தால் விதிகள் ஒன்றோடொன்று கலக்காது. இலக்கக் கூடுதல் விதி 27-க்கும் நீளும் என்று நினைப்பவர்களுக்கு 1899: கூடுதல் 27, ஆனால் 27-ஆல் வகுத்தால் மீதி 9.

இப்போது கணக்கு. 47□2△ என்ற ஐந்திலக்க எண் 36-ஆல் வகுபட வேண்டும். 36-ஐ 4, 9 என்று பிரிக்கலாம், சார்பகா ஜோடி. முதலில் 4-ஐப் பாருங்கள், அது கடைசி இரண்டு இலக்கத்தோடு நின்றுவிடுவதால் சாத்தியங்கள் சட்டென்று சுருங்கும். 2△ நான்கால் போக △ = 0, 4, 8. பிறகு கூடுதல்: 4 + 7 + 2 = 13. △ = 0 எனில் □ = 5. △ = 4 எனில் □ = 1. △ = 8 எனில் □ = 6. எண்கள் 47520, 47124, 47628. மூன்று விடைகள். △ = 0 என்பதை விட்டுவிடுவது வழக்கமான சறுக்கல், 20 நான்கால் போகும் என்பது அவசரத்தில் மறந்துபோகும்.

9-க்கு மட்டும் இன்னொரு சறுக்கல்: 5□31 ஒன்பதால் வகுபட வேண்டும். 5 + 3 + 1 = 9 ஏற்கெனவே ஆகிவிட்டது, எனவே □ = 0 என்று நிறுத்திவிடுகிறோம். □ = 9-உம் சரி. 5031, 5931 இரண்டும் போகும்.

அறிகுறி: மீதிக் கணக்கில் பாதி வழியில் நின்றுவிடுகிறது

"ஓர் எண்ணை 12-ஆல் வகுத்தால் மீதி 7. அதையே 4-ஆல் வகுத்தால்?" எண் = 12 × க + 7. 12 × க நான்கால் முழுசாகப் போய்விடும், 7-இல் மீதி 3. விடை 3. திருப்பிக் கேட்டால் மட்டும் உஷார்: 4-ஆல் வகுத்தால் மீதி 3, 12-ஆல் வகுத்தால் என்ன? 3, 7, 11 மூன்றுக்கும் வாய்ப்புண்டு, சொல்ல முடியாது. பெரிய வகுத்தியிலிருந்து அதன் காரணிக்கு இறங்கலாம், ஏற முடியாது.

"4, 5, 6 ஆகியவற்றால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் மீதி 3" என்றால் 60-இன் மடங்கோடு 3 கூட்டுங்கள். மிகச்சிறிய ஈரிலக்க எண் 63. (ஈரிலக்கம் என்று சொல்லாமல் மிகச்சிறிய மிகை எண் என்று மட்டும் கேட்டால் விடை 3-தான். 3-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி 3.) "4, 5, 6-ஆல் வகுத்தால் முறையே 3, 4, 5 மீதி" என்றால் மீதிகள் வேறு வேறாக இருக்கின்றனவே என்று திகைக்க வேண்டாம், ஒவ்வொன்றிலும் குறைவது 1. எனவே 60 − 1 = 59.

கூட்டவும் முடியாமல் கழிக்கவும் முடியாமல் வருவது மூன்றாவது வகை. 3-ஆல் வகுத்தால் மீதி 2, 5-ஆல் மீதி 3, 7-ஆல் மீதி 2. இது சீனாவின் பழைய கணித நூலொன்றில் சுன் ட்சு கேட்ட கேள்வி. இந்த இனத்து மீதிக் கணக்குகளுக்கு ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தில் குட்டகம் என்ற முறையைக் கொடுத்திருக்கிறார். டெஸ்ட் ஹாலில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெரிய வகுத்தியில் தொடங்கி வரிசையாக எழுதுங்கள்: 2, 9, 16, 23. ஒவ்வொன்றையும் 5-ஆல் சோதித்தால் 23-இல் மீதி 3 வரும், 3-ஆல் வகுத்தால் மீதி 2. விடை 23. அடுத்தடுத்த விடைகள் 105 கூட்டக் கூட வரும்.

அறிகுறி: மீ.பொ.ம போடுவதா, மீ.பொ.கா போடுவதா என்று தெரியவில்லை

கேள்வியில் கேட்டது கொடுத்த எண்களைவிடப் பெரிதாக இருக்க வேண்டுமா, சிறிதாக இருக்க வேண்டுமா என்று மட்டும் யோசியுங்கள். 84 மீட்டர், 126 மீட்டர் கயிறுகளை மிச்சமில்லாமல் சம நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும் என்றால், துண்டு 84-ஐ விடப் பெரிதாக இருக்க வழியில்லை. மீப்பெரு பொதுக் காரணி, 42. 12, 18, 30 விநாடிக்கு ஒரு முறை மின்னும் மூன்று விளக்குகள் மறுபடி எப்போது சேர்ந்து மின்னும் என்றால் 30 விநாடிக்கு முன்னால் நடக்காது. மீ.பொ.ம, 180 விநாடி. தொடக்கத்தில் சேர்ந்து மின்னியதையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை என்று கேட்டால் 3600 ÷ 180 = 20 இல்லை, 21. மேலே சொன்ன ஒன்று குறைகிற அதே நோய்.

"மீ.பொ.கா × மீ.பொ.ம = எண்களின் பெருக்கற்பலன்" என்பது இரண்டு எண்களுக்கு மட்டும். 2, 4, 6-க்குப் போட்டுப் பாருங்கள்: இடது பக்கம் 24, வலது பக்கம் 48.

அறிகுறி: 0, 1, குறை எண் வந்த கேள்விகளில் மட்டும் அடி

0 எல்லா முழு எண்களுக்கும் மடங்கு; 0 = 7 × 0. இரட்டைப்படையும்கூட. மீ.பொ.ம தேடும்போது மட்டும் 0-ஐ விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் எல்லா விடையும் 0 ஆகிவிடும். 1 பகா எண் அல்ல. −17-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி −2 இல்லை, 3: −17 = 5 × (−4) + 3, மீதி குறை எண்ணாக வராது. கேள்வியில் 'இயல் எண்' என்று இருக்கிறதா 'முழுக்கள்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 12-இன் காரணிகள் இயல் எண்களில் 6, முழுக்களில் 12.

அறிகுறி: கடைசியில் எத்தனை பூஜ்ஜியம் என்றால் 20 என்று எழுதுகிறேன்

1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் இறுதியில் எத்தனை பூஜ்ஜியங்கள்? ஒரு பூஜ்ஜியத்துக்கு ஒரு 2, ஒரு 5 வேண்டும். 2 கொட்டிக் கிடக்கிறது, பற்றாக்குறை 5-க்குத்தான். 5-இன் மடங்குகள் 20 என்று எண்ணி நிறுத்தினால், 25, 50, 75, 100 ஆகிய நான்கும் ஆளுக்கு இரண்டு 5 வைத்திருப்பதை விட்டுவிடுகிறோம். விடை 24. 200 வரை பெருக்கினால்? 40, அதோடு 25-இன் மடங்குகளுக்காக 8, அதோடு 125-க்காக இன்னொன்று: 49.